பைக் டயரை எப்போது மாற்ற வேண்டும்: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டறியும் முறை

"இந்த டயர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் பட்டறைக்கு வருகிறார்கள். 100 முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் பின் டயர் ஏறத்தாழ 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரையிலும், முன் டயர் அதைவிடக் கூடுதலாகவும் உழைக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். பிடிப்புக்காக மென்மையான ரப்பரில் செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் வண்டி டயர்கள் அதில் பாதி தூரத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் ஒரே மாடல் வண்டிகள் இரண்டில் ஒன்றின் டயர் மற்றதற்கு வெகு முன்னரே மொட்டையாகி நிற்கும்போது இந்த எண்களால் பெரிய பயன் இல்லை. டயர் எந்த இடத்தில், எந்த வடிவில் கெட்டிருக்கிறது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றினால், புது டயரும் அதே வடிவில் தேய்ந்து திரும்பி வரும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு கூடிய காரணம் வரை வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) ஏறியிருக்கும், அதைக் கூடுதல் காற்று என்று நினைத்து இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும். 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகள் பலவற்றுக்கு முன் டயரில் 25, பின் டயரில் தனியாக ஓட்டும்போது 28, பின்னால் ஆள் ஏறினால் அதற்கு மேல் என்பது வழக்கமான அளவாகும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு செயின் கவரிலோ ஸ்விங்ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற சட்டம்) ஒட்டிய ஸ்டிக்கரிலும், வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிக்கச் சொல்வது தவறு.

அடுத்து பட்டனின், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டிகளின், ஆழம். பக்கச்சுவரின் மேல் விளிம்பில் சிறிய முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறிய ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இருசக்கர வாகனங்களுக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. ஆழம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, பட்டனின் மேல்மட்டம் வரும் இடத்தில் நகத்தால் கீறி, அதை ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று அளவுகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டிலிருந்துதான் காரணத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம். சட்டம் 0.8 என்று சொன்னாலும், தினமும் மழையில் ஓட்ட வேண்டியவர் 1.5 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

## பின் டயரின் நடுப்பகுதி மட்டும் பட்டையாகத் தேய்ந்திருக்கிறது

புது டயரைப் பின்னாலிருந்து பார்த்தால் வளைவாக இருக்கும். தேய்ந்த பின் நடுவில் தட்டையாகி, இரு பக்கமும் விளிம்பு கட்டி நிற்கும். நேர்ச்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் வண்டிகளில் இது இயல்பான தேய்மானம்தான். தூரமும் நியாயமாக ஓடியிருந்து, மேட்டின் மட்டத்துக்கும் வந்துவிட்டால், வேறு எதையும் தேடாமல் டயரை மாற்றிவிடலாம்.

வாங்கியதிலிருந்து 10,000 கிலோமீட்டர்கூட ஆகாமல் நடுப்பகுதி போய்விட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கூடுதல் காற்று. பெட்ரோல் பங்கில் வரிசை நீளமாக இருக்கும்போது அளவே பார்க்காமல் "ரெண்டுக்கும் 35" என்று அடித்துவிடுவது நம் ஊரில் வழக்கம். சொந்தமாக ஒரு காற்று மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால், பங்கில் உள்ள மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

காற்றும் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பின் பிரேக். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். இரண்டு சுற்றாவது தடையின்றிச் சுற்ற வேண்டும். சுற்றாமல் இழுத்துக்கொண்டு நின்றால் டிரம் பிரேக்கை அளவுக்கு மேல் டைட் வைத்திருக்கிறார்கள், அல்லது டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன் திரும்பாமல் சிக்கியிருக்கிறது. டிரம்மை நட்டைத் திருகித் தளர்த்தி நீங்களே சரிசெய்யலாம். டிஸ்க் என்றால் மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

டயரின் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து பட்டையாகியிருந்தால் அது திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு சாலையில் உரசியதன் அடையாளம். அந்த இடத்தில் உள்ளே இருக்கும் நூலிழை தெரிந்தால் அந்த டயரில் வீட்டுக்குக்கூட ஓட்டிச் செல்லக் கூடாது.

பட்டையாகிப் போன டயரை "இன்னும் ஓரத்தில் பட்டன் இருக்கிறதே" என்று சொல்லி ஓட்டுகிறவர்கள் பலர். அவர்கள் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது டயர் தட்டையான பகுதியிலிருந்து விளிம்பின் மேல் ஏறி விழுவதுபோல ஒரு தள்ளாட்டம் இருக்கும். ஏற்காடு, கொல்லிமலை போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தள்ளாட்டம் ஆபத்தானது.

## இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மிஞ்சியிருக்கிறது

பெரும்பாலும் குறைந்த காற்றுதான். டயர் அமுங்கி ஓரங்களின் மேல் எடை விழுகிறது. சரியான காற்று இருந்தும் இப்படித் தேய்ந்தால், வண்டியில் ஏறும் சுமையைப் பாருங்கள். பால் கேன்களும் காய்கறி மூட்டைகளும் ஏற்றுகிற வண்டிகளில் இது சாதாரணம்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும். உதாரணமாக 54பி (54P) என்று இருந்தால், 54 என்பது அந்த டயர் 212 கிலோ வரை தாங்கும் என்பதையும், பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை அது தாக்குப்பிடிக்கும் என்பதையும் சொல்கிறது. அதற்கு மாறாக 47 என்றிருந்தால் தாங்கும் எடை 175 கிலோதான். இந்த எடையில் வண்டியின் பின்பாதி எடையும் சேரும் என்பதை மறக்கக் கூடாது. முன் சக்கரத்துக்கான டயரை விலை குறைவு என்று பின்னால் போட்டுக்கொண்டு சுமை ஏற்றுகிறவர்களின் டயர் இப்படித்தான் முடிகிறது.

## ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது

செயினைச் சரிசெய்தபோது பின் சக்கரத்தை நேராக வைக்காமல் விட்டிருப்பதே பல வண்டிகளில் காரணம். ஸ்விங்ஆர்மின் இரு முனைகளிலும் உள்ள அடையாளக் கோடுகளில் இரு பக்க அட்ஜஸ்டர்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோடுகளையே முழுதும் நம்பாமல் கயிறு பிடித்துப் பார்ப்பது இன்னும் உறுதியானது. பின் டயரின் பின்புறத்தில் ஒரு நீளமான நூலைச் சுற்றி, இரு முனைகளையும் தரையிலிருந்து சாண் உயரத்தில் முன் சக்கரம் வரை இழுத்து, நூல் பின் டயரின் முன் விளிம்பை இரு பக்கமும் லேசாகத் தொடுமாறு பிடிக்க வேண்டும். முன் சக்கரத்தை நேராக வைத்துப் பார்த்தால், நூலுக்கும் முன் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

எவ்வளவு திருப்பினாலும் இடைவெளி ஒன்றாகவில்லை என்றால் ஸ்விங்ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது வண்டி ஏதாவது விபத்தில் அடிபட்டு சேஸ் கோணியிருக்கலாம். பின் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஸ்விங்ஆர்மோடு சேர்ந்து ஆடினால் புஷ் போய்விட்டது. சேஸ் கோணல் என்றால் அதற்கென்று அளவுச் சட்டம் வைத்திருக்கும் இடத்தில்தான் பார்க்க முடியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரின் இந்த ஒருபக்கத் தேய்மானத்தைக் கவனித்துவிட்டால் பேரம் பேசவும் உதவும்.

## முன் டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம், ஓடும்போது உறுமல் சத்தம்

கையை டயரின் மேல் வைத்து ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் பட்டன்களின் முனைகள் ரம்பம்போல் கையில் உறுத்தும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிற தேய்மானம் இது. சத்தத்தை வைத்து வீல் பேரிங் போய்விட்டது என்று பேரிங்கை மாற்றி, சத்தம் நிற்காமல் மறுபடியும் வருகிறவர்கள் அதிகம். ஆகவே முதலில் டயரைத் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கும் எளிய காரணம் குறைந்த காற்றுதான். முன் டயரில் காற்றுக் குறைவதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் பின் டயரைப்போல் அது அமுங்கித் தெரிவதில்லை.

காற்று சரியென்றால் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களை, பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஓங்கி அழுத்தி விடும்போது, ஒரு முறை மேலே வந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை குதித்தால் ஃபோர்க் ஆயில் குறைந்திருக்கிறது அல்லது பழையதாகிவிட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு வளையம் படிந்திருந்தால் சீல் கசிகிறது. ஆயிலும் சீலும் மாற்றுவது பட்டறை வேலைதான் என்றாலும் பெரிய செலவு இல்லை.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்புறத்தில் ஒருவரை உட்கார வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது "டக்" என்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. டைட் செய்தாலே போதுமானதாக இருக்கலாம். பிறகு ஹேண்டில்பாரை ஒற்றை விரலால் இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் ஏதோ குழியில் விழுந்ததுபோல் சிக்கி நின்றால் பால்கள் ஓடும் பாதையே பள்ளமாகிவிட்டது, இனி டைட் செய்து பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும்.

ஆயில், கோன் செட் இரண்டையும் சரிசெய்த பிறகும் ஏற்கெனவே மேடுபள்ளமான டயர் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். பட்டன் ஆழம் மிச்சமிருந்து, வண்டி ஆடவில்லை என்றால் அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டித் தீர்க்கலாம்.

## பக்கச்சுவரில் வெடிப்பு

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டியின் ஒரு பக்கத்தில் தெரியாவிட்டால் மறுபக்கத்தில் தேடுங்கள். சேறு படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் தெரியும்.

மயிரிழை போன்ற மேலோட்டமான வெடிப்பு, ஐந்து ஆண்டுக்குட்பட்ட டயர், பட்டனும் இருக்கிறது என்றால் காற்றைச் சரியாக வைத்து, வெயிலில் நிறுத்துவதைத் தவிர்த்து, அவ்வப்போது கவனித்து வந்தால் போதும். பளபளப்புக்காகப் பெட்ரோலிய எண்ணெயும் கண்ட பாலிஷும் தடவுவது வெடிப்பைக் கூட்டும்.

நகம் உள்ளே இறங்கும் அளவுக்கு வெடிப்பு இருந்தாலோ, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியிலும் வெடிப்பு ஓடினாலோ, டயரின் வயதைப் பார்க்காமல் மாற்ற வேண்டும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டு ஆன டயரைப் பட்டன் புதிதாகவே இருந்தாலும் கழற்றிவிடுவதும் டயர் நிறுவனங்களே சொல்லும் வரம்பு. வெளிநாட்டில் வேலை செய்பவர் ஊரில் மூடி வைத்துவிட்டுப் போகும் வண்டியும், தாத்தாவின் நினைவாக வைத்திருக்கும் புல்லட்டும் இந்தப் பட்டியலில்தான் வரும். அவற்றில் பட்டன் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

## பக்கச்சுவரில் புடைப்பு அல்லது ஆழமான வெட்டு

இதற்கு எளிய காரணம், கடினமான காரணம் என்ற பிரிவே இல்லை. பள்ளத்தில் மோதி உள்ளிருக்கும் நூலிழை அறுந்ததால் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. எந்த ஒட்டும் இங்கே நிற்காது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் டயரை மாற்றுங்கள். அதே மோதலில் ரிம்மும் கோணியிருக்கக்கூடும் என்பதால் சுற்றிப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

## காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

மாதத்துக்கு ஓரிரு பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. வாரத்துக்கு ஒரு முறை காற்றடிக்க வேண்டியிருந்தால்தான் பழுது. இரு வகை டயருக்கும் பொதுவாக, முதலில் வால்வின் மூடியைக் கழற்றி எச்சிலையோ சோப்புத் தண்ணீரையோ ஒரு சொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளிருக்கும் வால்வு பின்னை மாற்றினால் போதும், மிகச் சிறிய செலவில் முடிந்துவிடும்.

### டியூப்லெஸ் டயரில்

டயர் முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருமிடத்தைத் தேடுங்கள். பட்டன் பகுதியில் ஆணி என்றால் ரப்பர் நூல் செருகி அடைக்கலாம். உள்பக்கமிருந்து காளான் வடிவ ஒட்டு வைப்பது அதைவிட நீடிக்கும். பொத்தல் 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ பக்கச்சுவரில் இருந்தாலோ ஒட்டக் கூடாது. ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் குமிழி வந்தால், டயரைக் கழற்றி ரிம்மில் படிந்த துருவையும் அழுக்கையும் தேய்த்து மறுபடி ஏற்ற வேண்டும். அலாய் ரிம்மிலேயே கீறல் விட்டிருந்தால் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காமல் ரிம்மை மாற்றுவதே நல்லது. சீலன்ட் திரவம் ஊற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது பொத்தலை மறைத்துவிடும், பின்னர் முறையாக ஒட்டப் போனால் ஒட்டும் பிடிக்காது.

### டியூப் டயரில்

பஞ்சர் கடையில் டியூபை எடுத்ததும் பொத்தல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். டயரை ஒட்டிய வெளிப்பக்கம் என்றால் ஆணியோ முள்ளோ. டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து அது இன்னும் குத்திக்கொண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மை ஒட்டிய உள்பக்கம் என்றால் ஸ்போக் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம் டேப் கிழிந்து துரு குத்துகிறது. அடுத்தடுத்து இரண்டு சிறிய கிழிசல்கள் இணையாக இருந்தால், குறைந்த காற்றோடு பள்ளத்தில் இறங்கியபோது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. வால்வின் வேரில் கிழிந்திருந்தால் டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றி டியூபையும் சேர்த்து இழுத்திருக்கிறது. வால்வு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பது அதற்கு முன்னறிவிப்பு. இதற்கும் குறைந்த காற்றுதான் முதல் காரணம்.

நாலைந்து ஒட்டுக்கு மேல் உள்ள டியூபை மாற்றிவிடுங்கள். புது டயர் போடும்போது பழைய டியூபை உள்ளே வைப்பது வீண் சிக்கனம். விரிந்துபோன டியூப் மடிந்து, அந்த மடிப்பிலேயே அறும்.

## மழையில் வழுக்குகிறது, ஆனால் பட்டன் இருக்கிறது

புரட்டாசியிலேயே டயரைப் பார்த்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் புகாரோடு வர வேண்டியிருக்காது. முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழுக்குவதற்கும், சாலையில் தீட்டிய வெள்ளைக் கோட்டின் மேல் வழுக்குவதற்கும் டயரைக் குறைசொல்ல முடியாது. மற்ற இடங்களிலும் வழுக்கினால் காற்றையும், பிறகு தயாரித்த தேதியையும் பாருங்கள். கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்தினால் சற்று பதிந்து மீள வேண்டும். கல்லில் அழுத்துவதுபோல் இருந்தால் ரப்பர் இறுகிவிட்டது, மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தேய்ந்த டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டிக் கறுப்பு பூசி விற்பதும் நடக்கிறது. பள்ளத்துக்குள் அளவு மேடு எங்குமே தெரியாத டயரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

## புது டயர் போட்ட பிறகு ஆட்டம் அல்லது அதிர்வு

பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு. பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய கோடு, ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் அந்தக் கோடு உள்ளே மறைந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் டயரில் உள்ள வண்ணப் புள்ளி வால்வுக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு வீல் பேலன்சிங். ஸ்போக் ரிம் என்றால் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு பென்சில் முனையை ரிம்முக்கு அருகில் பிடித்தால் கோட்டம் எங்கே என்று தெரியும், ஆனால் ஸ்போக்கை நீங்களாகத் திருகாமல் அந்த வேலையில் கை தேர்ந்தவரிடம் விடுங்கள்.

அதிர்வு இல்லாமல் வழுக்கல் மட்டும் இருந்தால் பழுது எதுவும் இல்லை. புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 100 கிலோமீட்டர் வரை வளைவில் அதிகம் சாய்க்காமலும் திடீரென்று பிரேக் பிடிக்காமலும் ஓட்டினால் அது உரசிப் போய்விடும். அதற்குப் பிறகும் வழுக்கினால், டயர் வாங்கிய ரசீதோடு கடைக்குப் போய் முதலில் தயாரித்த தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.